தொக்தார் அண்ணன் பிடித்த இருவாச்சி

ஷிம்கெண்ட் மிருகக்காட்சி சாலையின் வாசலில் சம்சா சுட்டு விற்கிறவள் நான். பெயர் ராவ்ஷன். நாள் முழுக்கத் தந்தூர் அடுப்பின் வெக்கையில் நிற்கிறவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது, நான் அதை மறைப்பதில்லை. ஆனால் தொக்தார் அண்ணனிடம் மட்டும் என்னால் கோபத்தை ஒரு சம்சா வேகிற நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்கும்போதே வந்து நிற்பார். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். லிஃப்டுக் குழிக்குள் குனிந்து குனிந்தே கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. கழுத்தில் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கேமரா. அமுக்கினால் அங்கேயே காகிதத்தைத் துப்புமே, அந்த வகை. அதற்கு நெகட்டிவும் கிடையாது, நகலும் கிடையாது. அந்தக் காகிதமும் எங்கள் ஊரில் லேசில் கிடைக்காது. ஆகவே ஒரு நடைக்கு ஒரு பறவை, ஒரு பறவைக்கு ஒரே படம் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு படத்துக்கு அவர் செய்கிற அமர்க்களத்தைப் பார்க்கவேண்டும். மண் நிறக் கோட்டுதான் போடுவார். சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பஞ்சவர்ணக் கிளியின் கூண்டைச் சுற்றி அடிமேல் அடி வைத்து நடப்பார். பக்கத்திலேயே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வேகத்தில் போகிற கூட்டம் இவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

"ஏண்ணே, கூண்டுக்குள்ள இருக்கற கிளி எங்க ஓடிடப் போகுது? இதுக்கு எதுக்குப் பதுங்கறீங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஓடாது தங்கச்சி. ஆனா மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார். "அது நம்மள மதிச்சு நிமிர்ந்து பாக்கற ஒரு நிமிஷம் இருக்கு பாரு, அது காட்டுலயும் ஒண்ணுதான், கூண்டுலயும் ஒண்ணுதான்."

அவருடைய சொந்த ஊர் மலையடிவாரம். அப்பாவும் அண்ணனும் கழுகு வைத்து வேட்டையாடியவர்கள். இவருக்கு மீசை அரும்பிய வயதில் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புதரிலிருந்து ஒரு காட்டுச் சேவல் வெளியே வந்து நின்றதாம். செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, கழுத்தில் வெள்ளை வளையம். சுட்டால் இறகு கெட்டுப்போகுமே என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்த்தால், "உன் சேணக் கயிற்றில் கொழுப்பு சொட்டட்டும்" என்று வாழ்த்திவிட்டு, "சிரல்கி!" என்று கேட்கலாம். கேட்டுவிட்டால் தோளில் தொங்குவது முயலோ வாத்தோ, அவன் கழற்றிக் கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்று சொன்னால் அடுத்த வேட்டை வாய்க்காது. கொடுக்கிறவனுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நாலு பேர் கேட்கிற மாதிரி நான் வேட்டையாடி வந்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

தொக்தார் அண்ணன் அன்றைக்கு வெறுங்கையோடு ஊர்த்தெரு முழுக்க நடந்து வந்தார். ஒருத்தன் வானத்தைப் பார்த்தானாம். ஒருத்தி இல்லாத ஆட்டை விரட்டினாளாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வசந்தத்தில் பட்டணத்துக்கு வந்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தவர்தான், துப்பாக்கியைத் தொடவேயில்லை.

கல்யாணமும் லிஃப்டில்தான் நடந்தது என்று சொல்லவேண்டும். குல்ஜமால் அண்ணி அப்போது திரைச்சீலை தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. இவர் மேலேயிருந்து கதவை நெம்பித் திறந்து பார்த்தால், உள்ளே அண்ணி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். "இன்னும் ஒரு சாண் இருக்கு, முடிச்சுட்டு வர்றேன், இருங்க" என்றாளாம். இந்தப் பெண் தனக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டதாக அண்ணன் சொல்வார். எனக்கு உடனே தெரியாது, ஓரம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன் என்பாள் அண்ணி.

அவர்கள் குடியிருப்பது என் வீடு இருக்கிற அதே கட்டடம். நான் தரைத்தளம், அவர்கள் நாலாவது மாடி. அந்தக் காலத்தில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்டே கிடையாது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்தவருக்கு வாய்த்த வீட்டைப் பாருங்கள். போன குளிர்காலத்தில் அண்ணியின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அதிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. ரொட்டி, பால், மாவு எல்லாம் அண்ணன்தான் சுமந்துகொண்டு ஏறினார். அண்ணி பால்கனியில் உட்கார்ந்து ஊரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்த ஞாயிற்றுக்கிழமை, கேட்டில் நின்ற காவல்காரன் பெய்சென் சும்மா இருந்திருக்கலாம். அவனும் மலைப்பக்கத்து ஊர்க்காரன். அண்ணன் படத்தைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வருகிற தோரணையைப் பார்த்துவிட்டு, விளையாட்டாக, "அண்ணே, உங்க சேணக் கயித்துல கொழுப்பு சொட்டட்டும்! சிரல்கி!" என்று கத்தினான்.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். காது வரைக்கும் சிவந்துபோனது. கோட்டுக்குள்ளிருந்து கிளியின் படத்தை எடுத்து, இரண்டு கையாலும் பெய்செனிடம் நீட்டினார்.

"ஐயோ அண்ணே, சும்மா தமாஷுக்குக் கேட்டேன்!"

"கேட்டுட்டே இல்ல? வாங்கிக்க. திருப்பிக் குடுத்தா என்னை அவமானப்படுத்தற மாதிரி."

அன்றைக்கு அவர் நடந்துபோனதைப் பார்த்தேன். கூனைக் காணோம். அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? எல்லோருக்கும் ருசி கண்டுபோனது. டிக்கெட் கொடுக்கிறவள் பூநாரையை வாங்கினாள். பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் கால்யா, தான் தினமும் தீனி வைக்கிற கொண்டைக் கொக்கையே வாங்கிக்கொண்டாள். என் தந்தூருக்கு மேலே டூக்கான் பறவை ஒன்று இன்னமும் புகை குடித்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் மலர்ந்த முகத்தோடு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் மாவு கொடுக்க மேலே போனபோது அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி ராவ்ஷன், ஊர்ல எல்லார் வீட்டுச் சுவத்துலயும் என் புருஷன் புடிச்ச பறவை தொங்குதாமே? என் சுவத்தப் பாரு. மருந்துக்கடைக் காலண்டர்!"

"நீங்களும் கேளுங்க அண்ணி. கேட்டாக் குடுத்துடப் போறாரு."

"நான் எதுக்குக் கேக்கணும்? சிரல்கி ஊர்க்காரங்க கேக்கறது. பொண்டாட்டி கேட்டு வாங்கினா அது என்னடி குடும்பம்? வீட்டுக்குன்னு தானா வரணும்."

என்னுடைய டூக்கானைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "ஊருக்குப் போனது எனக்கு வேணாம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். பிறகு குரல் இறங்கியது. "அந்த இருவாச்சி ஒண்ணு போதும் எனக்கு."

இந்தியாவிலிருந்து வந்த இருவாச்சி ஜோடி ஒன்று எங்கள் மிருகக்காட்சி சாலையில் இருக்கிறது. மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னொரு மஞ்சள் தொப்பி. வசந்தத்தில் பெட்டை மரப்பெட்டிக்குள் புகுந்து, சேற்றையும் எச்சத்தையும் குழைத்து உள்ளேயிருந்தே வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் அந்தக் கீறல் வழியாகத் திராட்சை திராட்சையாக ஊட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அது வெளியே வருகிற தருணத்தைத் தொக்தார் அண்ணன் தவறவிட்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் போனதும் அந்தக் கதையைத்தான் அண்ணியிடம் சொல்லுவாராம்.

"எனக்கும் அவளுக்கும் என்னடி வித்தியாசம்? என் ஜன்னல் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்" என்று சிரித்தாள் அண்ணி. "அவ வெளிய வர்ற அன்னிக்கு மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். வேற எந்தப் பறவையும் எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன். கொண்டுவர்றேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. பாக்கலாம், உங்க கேட்டத் தாண்டி வருதான்னு."

அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போதே ஒரு வழி யோசித்தேன். அண்ணனிடம் போய், பின்பக்கம் தோட்டத்து வாசல் இருக்கிறதே, அந்த வழியாகப் போய்விடுங்களேன் என்றேன். என்னை முறைத்துப் பார்த்தார். "கேக்கறவனுக்குப் பயந்து சுத்து வழில போறவன் வேட்டைக்காரனா?" என்றார்.

ஆகவே மற்றவர்களிடம் போனேன். பெய்செனிடமும் டிக்கெட்காரியிடமும் கால்யாவிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இருவாச்சி வெளியே வருகிற அன்றைக்கு எவர் வாயிலிருந்தாவது சிரல்கி என்ற சொல் வந்தால், கொதிக்கிற டீயை அவர் தலையில் ஊற்றுவேன் என்றேன்.

"என்னக்கா, நாங்க என்ன அவ்வளவு மோசமா?" என்றான் பெய்சென்.

"நீதாண்டா ஆரம்பிச்சு வெச்சவன். உனக்கு ரெண்டு குவளை."

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் கால்யா, தொக்தார் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தாள். பெட்டை உள்ளேயிருந்து பூச்சைக் கொத்துகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றாள். அண்ணன் பித்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பைப் பெய்செனிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கருக்கிவிடுவான் என்று தெரிந்தும் போனேன்.

கூண்டுக்கு முன்னால் ஒரே கும்பல். எல்லோர் கையிலும் செல்போன். உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சத்தம். காய்ந்த சேறு கட்டி கட்டியாக விழுந்தது. அண்ணன் ஒரு ஓரத்தில், கேமராவைக் கண்ணில் வைத்தபடி, மூச்சு விடுகிறாரா இல்லையா என்றே தெரியாமல் நின்றார். முதலில் அலகு வந்தது. கும்பல் படபடவென்று எடுத்துத் தள்ளியது. அவர் அமுக்கவில்லை. பிறகு தலை வந்தது. அவர் அமுக்கவில்லை. பெட்டை முட்டி மோதி வெளியே விழுந்து, ஒரு கிளையைப் பிடித்து உட்கார்ந்தது. வால் இறகுகள் கசங்கி மடங்கியிருந்தன. ஆண் பக்கத்தில் வந்து ஒரு திராட்சையை நீட்டியது. அவள் அதை வாங்கவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் எங்களை எல்லாம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அமுக்கினார்.

வெள்ளைக் காகிதம் வெளியே வந்தது. அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, உடம்புச் சூட்டில் உருவம் வரட்டும் என்று காத்திருந்தார். நான் அதற்குள் கேட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். இரண்டு தட்டு சம்சா கரியாகியிருந்தது. பெய்செனைத் திட்ட நேரமில்லை.

அண்ணன் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வாழ்நாளிலேயே நல்ல படம். கோட்டுப் பையில் அதன் ஓரம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். டிக்கெட்காரி கூரையைப் பார்த்தாள். பெய்சென் தன் பூட்ஸை ஆராய்ந்தான். நான் மாவை அறைந்தேன்.

அண்ணன் கேட்டைத் தாண்டினார். நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"என்ன பெய்சென், சௌக்கியமா?"

"சௌக்கியம்ணே."

"நல்ல வெயில் இன்னிக்கு."

"ஆமாண்ணே. வெயில்."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்ல என் அடுப்புப் பக்கம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ராவ்ஷன், அது நல்லா வரலையோ?"

"எனக்கென்னண்ணே தெரியும், நான் பாக்கலையே" என்றேன், மாவைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல்.

"அதான் கேக்கறேன். பாக்கக்கூட யாருக்கும் தோணலையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வானத்தைப் பார்த்தவனும் இல்லாத ஆட்டை விரட்டியவளும் நாங்களேதான். நல்லது செய்கிறேன் என்று கிளம்பி அதே தெருவை அவருக்கு மறுபடியும் கட்டிக் கொடுத்திருந்தேன். கேட்டால் அண்ணிக்குப் படம் இல்லை. கேட்காவிட்டால் இந்த மனுஷன் நாலு மாடி ஏறுவதற்குள் உடைந்துபோவார். ஆறுதலாக ஒரு சொல் சொல்லத் தெரியாமல், எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. இரக்கம் தாங்காமல் பெய்சென் வாயைத் திறந்தான். நான் கரண்டியை ஓங்கினேன். வாயை மூடிக்கொண்டான்.

எதிரே பஸ் வந்து நின்றது. டிரைவரே இறங்கிவந்து கையைக் கொடுத்து ஒருத்தியை இறக்கிவிட்டார். வெல்வெட் மேல்சட்டை, வெள்ளைத் தலைக்குட்டை, கையில் தடிக்குப் பதிலாகத் திரைச்சீலை மாட்டுகிற மரக்கழி. குல்ஜமால் அண்ணி.

"நீ… எப்படி இறங்கினே? யார் புடிச்சுட்டு வந்தாங்க?" என்று அண்ணன் ஓடினார்.

"உக்காந்து உக்காந்து இறங்கினேன், சின்னப் புள்ளை மாதிரி. ஒரு படி விடல. கால்யா போன் பண்ணது என் காதுலயும் விழுந்துச்சு இல்ல? அங்கயே நில்லுங்க, கிட்ட வராதீங்க."

வழியிலேயே படம் போய்விடும், இந்தத் தடவை அவரைக் கையும் களவுமாகப் பிடித்து அதைப் பறித்துக்கொண்டு போகவேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். திட்டுவதற்கு வாயில் எல்லாம் தயாராக இருந்ததாம். ஆனால் பையில் படம் இருக்கிறது, பார்த்துவிட்டாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோருடைய திருட்டு முழியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கழியைத் தரையில் ஊன்றினாள். முதுகை நிமிர்த்தினாள். தெருவில் எதிர்ப்பட்ட அந்நியப் பெண் மாதிரி, அவ்வளவு மரியாதையாக, தலையைத் தாழ்த்தினாள்.

"வேட்டைக்காரரே, உங்க சேணக் கயித்துல கொழுப்பு சொட்டட்டும்" என்றாள். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற குரல். "நல்ல வேட்டைன்னு கேள்விப்பட்டு வெகு தூரத்துலேர்ந்து வந்திருக்கேன். சிரல்கி!"

அண்ணன் பையிலிருந்து படத்தை எடுத்தார். தலை குனியாமல், இரண்டு கையாலும் நீட்டினார். அந்த ஆள் அவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணி வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குச் சுருங்கின அந்த வெள்ளைக் கண்ணை, அதன் நீளமான இமை முடியை, சேறு அப்பின அலகை நிதானமாகப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். "ஆஹா அண்ணே, இதை நான் கேக்காம விட்டேனே!" என்று பெய்சென் தலையில் அடித்துக்கொண்டான். இந்தத் தடவை நான் அவனைத் தடுக்கவில்லை. டிக்கெட்காரியும் அங்கலாய்த்தாள். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தர்கூட, அடுத்த வேட்டை எப்போது என்று விசாரித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். அடுப்புப் புகை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

சந்தடி அடங்கியதும் அண்ணன் அவள் பக்கம் குனிந்தார். "உனக்குத்தானே கொண்டு வந்துட்டிருந்தேன். நீ போய்க் கேக்கலாமா? கேக்கவே மாட்டேன்னு சொல்லுவியே."

"வீட்டுல வெச்சுக் குடுத்திருந்தா அது எனக்கு வெறும் படம்தாங்க" என்றாள் அண்ணி. "இது நீங்க வேட்டையாடினது."

சொல்லிவிட்டு, படத்தை மேல்சட்டைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் கால் வலிக்கிறது என்று சொல்லி, உட்கார இடம் கேட்டாள்.